போர் தண்ணீர் வீட்டில் ஸ்டீம் கிளீனர்: சில ஆண்டுகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையின் தெற்குப் புறநகரில், புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான்காண்டுகளுக்கும் மேலாக, தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியால் அழுக்கை இளக்கும் ஸ்டீம் கிளீனர் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றி விசாரிக்கும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: குளியலறைக் குழாய்களிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக் கறையை அது எடுத்துவிடுமா? எடுக்காது. அந்த ஒரு வேலைக்காகவே வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீர் விட்டுச் செல்லும் அந்த வெள்ளைப் படிவின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அது வெந்நீரில் கரைவதில்லை. கீசருக்குள் பார்த்தால் தெரியும், தண்ணீர் சூடாவதால்தான் அது படியவே செய்கிறது. அதைக் கரைக்க அமிலம் வேண்டும். நீராவியின் வேலை எண்ணெயையும் கொழுப்பையும் மெழுகையும் அவற்றில் ஒட்டிக்கொண்ட தூசியையும் இளக்குவது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் எதை வாங்குவது, எங்கே பயன்படுத்துவது என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு இது வந்ததற்குக் காரணம் அம்மாவின் மூச்சிழுப்பு. பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர், காட்டமான சமையலறைத் திரவங்கள் இவற்றில் எதைத் திறந்தாலும் அன்று இரவு அவருக்கு உறக்கம் இருக்காது. ஆசிட் கழுவிய ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்க வேண்டும். தண்ணீரைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத ஒரு முறை எங்களுக்கு வேண்டியிருந்தது. எல்லா இடங்களிலும் அது கைகொடுக்கவில்லை என்றாலும், சமையலறையில் காட்டமான திரவங்களை அது அநேகமாக முழுவதும் விலக்கிவிட்டது.

கடைகளில் இந்தப் பெயரில் மூன்று வேறுபட்ட கருவிகள் விற்கப்படுகின்றன. முதலாவது ஸ்டீம் மாப்: சமதளத் தரைக்கு மட்டும் பயன்படும், அழுத்தம் மிகக் குறைவு. இரண்டாவது, கையில் பிடித்து இயக்கும் சிறிய கருவி. 200 முதல் 350 மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கும், ஒரு முறை நிரப்பினால் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு வரும். கொதிக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான் கையில் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், சிம்னி போன்ற உயரமான இடங்களில் மணிக்கட்டு விரைவில் சோர்ந்துவிடும். மூன்றாவது, தரையில் வைத்துக் குழாய் வழியாக நீராவியைக் கொண்டுவரும் பாய்லர் வகை. ஒரு லிட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் கொள்ளளவும், 3 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தமும், கையில் பிடிக்கும் பகுதி எடை குறைந்தும் இருக்கும். சமையலறையை முதன்மையாக எண்ணி வாங்குபவர்களுக்கு இந்த மூன்றாவது வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். துணி சுருக்கம் நீக்கும் கார்மென்ட் ஸ்டீமரையும் கார் கழுவும் பிரஷர் வாஷரையும் இதனுடன் குழப்பிக்கொண்டு விலை கேட்பவர்கள் உண்டு. அவை வேறு வேலைக்கானவை.

விளம்பரத்தில் 140, 145 டிகிரி செல்சியஸ் என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண் பாய்லருக்குள் இருக்கும் வெப்பநிலை. பிரஷர் குக்கரில் நடப்பதுபோல, மூடிய கலத்தில் அழுத்தம் கூடும்போது தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் சூடேறுகிறது. ஆனால் கருவியின் நுனியை விட்டு வெளியே வந்த நொடியிலேயே நீராவி விரிந்து, காற்றோடு கலந்து, சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வெகுவாகக் குளிர்ந்துவிடுகிறது. எனவே நுனியைப் பிசுக்குக்கு மிக அருகில் வைத்து, மெதுவாக நகர்த்த வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து வேகமாக வீசினால் ஈரம் படியுமே தவிர வேறொன்றும் நடக்காது. கருவி சரியில்லை என்று சொல்பவர்கள் அதைப் பிடிக்கும் முறையைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தத் தூரம்தான் காரணமாக இருக்கிறது.

வாங்கும் முன் வீட்டின் மின்வசதியைப் பார்த்துக்கொள்வது அவசியம். 1500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். ஆகவே டிவி, மின்விசிறிக்கான 6 ஆம்பியர் சாக்கெட் போதாது. கீசருக்கும் ஏசிக்கும் இருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை. பழைய வீடுகளில் அத்தகைய பாயிண்ட் சமையலறையில் இல்லாமல் போவதுண்டு. அப்போது 16 ஆம்பியருக்கான தடித்த ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத்தான் பயன்படுத்த வேண்டும், சாதாரண ஸ்பைக் பஸ்டர் சூடேறி உருகக்கூடும். ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேரும் வேலை என்பதால், வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருப்பது நல்லது. மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் முக்கால் யூனிட்தான்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இக்கருவியின் ஆயுளை முடிவு செய்வது அதுதான். நீராவி வெளியேறுகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) உள்ள போர் தண்ணீரை ஊற்றினால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிராம் அளவுக்கு உப்பு பாய்லருக்குள் சேரும். வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றுபவர் வீட்டில் ஆண்டுக்கு அது ஏறத்தாழ ஐம்பது கிராம் ஆகும். வெப்பச் சுருளின் மேல் அது ஓடுபோலப் படிந்து சூடேறும் நேரத்தை நீட்டும். உதிரும் துகள்கள் நுனியின் நுண்ணிய துளையில் அடைத்துக்கொள்ளும். ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம் மொத்தக் கடினத்தன்மைக்கு (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. ஆகவே குடிப்பதற்குத் தடையில்லாத தண்ணீர்கூட பாய்லருக்குப் பொல்லாததாக இருக்க முடியும். நாங்கள் முதல் நாளிலிருந்தே ஆர்.ஓ. தண்ணீரை மட்டும்தான் ஊற்றுகிறோம். டிடிஎஸ் 80 அளவில் இருப்பதால் அதே பயன்பாட்டில் சேரும் உப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் சுத்தமானது என்றாலும், நீர்மட்டத்தை மின்கடத்தல் மூலம் உணரும் சில வகைக் கருவிகள் மிகத் தூய நீரை நீராகவே அறிந்துகொள்வதில்லை என்பதால் கையேட்டைப் பார்த்த பிறகே அதை ஊற்ற வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேமித்து ஊற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதில் உப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் ஏசியின் உட்புறத் தூசியும் வழவழப்பான பாசியும் அதனுடன் வருகின்றன. அதை நான் ஊற்றுவதில்லை.

வேலை முடிந்ததும் கருவி நன்றாக ஆறிய பின் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக் காயவிடுவோம். சில மாதங்களுக்கு ஒரு முறை, கையேட்டில் சொன்ன அளவில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்து, பல முறை அலசிக் கொட்டுகிறோம். அமிலம் உள்ளே இருக்கும்போது கருவியை ஒருபோதும் இயக்கக் கூடாது.

சமையலறைதான் இக்கருவி தன் விலையை ஈடுகட்டிய இடம். தாளிப்பும் பொரியலும் அன்றாடம் நடக்கும் வீட்டில், எக்ஸாஸ்ட் பேனின் இறக்கைகளில் படியும் பழுப்பு நிறப் பிசுக்கு சோப்புத் தண்ணீருக்கு எளிதில் மசியாது. இறக்கையைக் கழற்றி, பழைய செய்தித்தாளின் மேல் வைத்து, நைலான் பிரஷ் பொருத்திய நுனியால் நீராவி காட்டினால் அது இளகி வழியத் தொடங்கும். வழியும்போதே துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் மீண்டும் அதே இடத்தில் இறுகிவிடும். அழுக்கை அகற்றுவது துணி, அதற்கு வழிவிட வைப்பது நீராவி. ஆகவே வேலை தொடங்கும் முன் பத்துப் பன்னிரண்டு பழைய பருத்தித் துணிகளையாவது கிழித்துத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் பகுதியில் நீராவி படவே கூடாது. சிம்னியின் பேஃபிள் ஃபில்டர், கேஸ் அடுப்பின் பித்தளை பர்னர், சமையலறை ஜன்னலின் கொசுவலை, ஸ்லைடிங் கதவின் தடம் ஆகியவற்றிலும் இதே முறை நன்றாகப் பலன் தருகிறது. குறிப்பாகக் கொசுவலை: எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்ட வலையைக் கழற்றாமலே, பின்புறம் ஒரு துணியை ஏந்திக்கொண்டு முன்புறம் நீராவி காட்டினால் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்வதைப் பார்க்கலாம். பிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்புக்குக் குறைந்த நீராவியே போதும்; அதிகம் காட்டினால் ரப்பர் நெகிழ்ந்துவிடும்.

பூஜை அறையில் கிடைத்த அனுபவம் நான் மேலே சொன்ன வேறுபாட்டை நன்றாகக் காட்டும். குத்துவிளக்கின் அன்னத்திலும் தண்டின் வரிகளிலும் ஏறிக் கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசினை ஊசியால் குடைய வேண்டியிருந்த காலம் போய்விட்டது. நுண்துளை நுனியில் வரும் நீராவி அதை இளக்கி வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் பித்தளையின் கறுப்பு அப்படியேதான் இருக்கும். அதற்குப் பழையபடி புளிதான் வேண்டும், ஏனென்றால் அது உலோகத்தின் மேல் உண்டான ஆக்சைடு, அதைக் கரைக்க அமிலம் தேவை. பிசின் போன பிறகு புளி போட்டால் பாதிப் புளியிலேயே விளக்கு பளபளக்கிறது என்பது அம்மாவின் கணிப்பு, எனக்கும் அது சரி என்றே படுகிறது.

குளியலறையில் சோப்புப் பிசுக்கும் டைல்ஸ் இடுக்கில் படரும் கரும்பூஞ்சையும் நீராவிக்கு இணங்கும். உப்புக் கறைக்கு மட்டும் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி வைத்து, பிறகு கழுவிவிடுகிறோம். மூச்சை அடைக்கும் காட்டம் அதில் இல்லை. டைல்ஸ் இடுக்கை நிரப்பியிருக்கும் சிமென்ட் கிரவுட் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தால் அழுத்தமான நீராவி அதை மேலும் பெயர்க்கும். எபாக்சி கிரவுட் உள்ள தரையில் அந்தக் கவலை குறைவு.

மெத்தைக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், வெயில் காலத்தில் மட்டும் என்பேன். தூசிப் பூச்சிகளும் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் 55 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்குவதில்லை. எனவே தையல் ஓரங்களிலும் கட்டிலின் இணைப்புகளிலும் நுனியை மிக மெதுவாக நகர்த்தினால் பலன் உண்டு. நுனியின் மேல் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது முக்கியம். இல்லையென்றால் நீராவியின் வேகமே பூச்சியை வேறு இடத்துக்கு ஊதித் தள்ளிவிடும். ஆனால் மெத்தைக்குள் ஈரம் இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலையில் செய்து மொட்டைமாடி வெயிலில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் செய்தால் அந்த ஈரமே பூஞ்சையாக மாறும். பால், இரத்தம் போன்ற புரதக் கறைகள் வெப்பத்தால் துணியில் உறைந்து நிலைத்துவிடும் என்பதால் அவற்றை முதலில் குளிர்ந்த நீரில் கழுவி எடுத்துவிட வேண்டும்.

ஹால் தரை முழுவதையும் இதனால் துடைப்பது பயனற்ற உழைப்பு. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பகுதி, சாப்பாட்டு மேசையைச் சுற்றிய இடம் என்று பிசுபிசுக்கும் பகுதிகளுக்கு மட்டும் போதும். மற்றதற்கு ஈரத் துடைப்பமே வேகமானது. பாலிஷ் போட்ட தேக்குக் கதவு, லேமினேட் ஒட்டிய பிளைவுட்டின் ஓரங்கள், மெழுகிட்ட ரெட் ஆக்சைடு தரை, சுவர்ப் பெயின்ட், சுவிட்ச் போர்டு ஆகியவற்றில் காட்டவே கூடாது. ஏசி அறையின் குளிர்ந்த கண்ணாடியில் நேரடியாகக் காட்டினால் விரிசல் விழக்கூடும்.

பாதுகாப்பில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பாய்லருக்குள் அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்க முயலக் கூடாது. நல்ல கருவிகளில் மூடி அப்போது வெறுமனே சுழலுமே தவிரக் கழலாது. இந்த அமைப்பு இல்லாத மலிவுக் கருவியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தண்ணீர் தீர்ந்தால் சுவிட்சை அணைத்து, மிச்ச நீராவியை விட்டு, ஆறவிட்டு, சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். சூடான கலத்தில் மடமடவென்று ஊற்றினால் கொதிநீர் முகத்தில் தெறிக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் உறங்கும் நேரத்திலோ பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்திலோ மட்டும் எடுப்பது நல்லது.

இத்தனை காலத்தில் தேய்ந்தவை சிறு பாகங்கள்தான். நைலான் பிரஷ்களின் மயிர்கள் வெப்பத்தில் வளைந்து போயின. மூடியின் ரப்பர் வளையமும் குழாய் இணைப்பின் வளையமும் இறுகிக் கசியத் தொடங்கியதால் மாற்றினோம். அவை உள்ளூர்ச் சேவை மையத்தில் கிடைத்ததால்தான் கருவி இன்றும் ஓடுகிறது. அதே காலத்தில் இணையத்தில் வாங்கிய வேறொரு கருவியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கு அந்தச் சிறு வளையம் எங்கும் கிடைக்காமல், பாய்லர் நன்றாக இருந்தும் அது பரணில் கிடக்கிறது. எனவே வாங்குமுன் கடைக்காரரிடம் அழுத்தத்தையும் வாட்டையும் கேட்பதற்கு முன்பாக, மூடி வளையமும் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்குமா, எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். முடிந்தால் கருவியோடு சேர்த்தே ஒரு செட் வாங்கி வைத்துவிடுங்கள்.