அக்னி தீர்த்தத்தில் மோதிரம் தேட: விஎல்எஃப்பா, பல்ஸ் இண்டக்‌ஷனா?

கடற்கரையில் தொலைந்த நகையைத் தேட மெட்டல் டிடெக்டரில் இரண்டு வகை உண்டு: விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்), பல்ஸ் இண்டக்‌ஷன் (துடிப்பு முறை). அரியமான் கடற்கரை போன்ற இடத்தில், அலை தொடாத காய்ந்த மணலில் நகை விழுந்தால் விஎல்எஃப் டிடெக்டரே போதும். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையை வைத்து அது திரையில் ஓர் எண் காட்டும். இரும்புக்குச் சின்ன எண், கனமான வெள்ளிக் கொலுசுக்குப் பெரிய எண். தகராறு தங்கத்தில்தான். சின்ன மோதிரத்தின் எண்ணும், கசங்கிய அலுமினியத் தாள், குளிர்பான டின் வளையம் இவற்றின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். குப்பை என்று அந்த எண்ணுக்குச் சத்தம் வராதபடி அடைத்துவைத்தால் மோதிரமும் போச்சு.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தின் ஈர மணல் வேறு கதை. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் விஎல்எஃப் காரணமில்லாமல் கத்தும். பல அதிர்வெண் மாடல் சமாளிக்கும், விலைதான் கூட. பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியோ மின் துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, உலோகத்தில் எழுந்த மின்னோட்டம் தேய்வதைக் கவனிக்கிறது. உப்புநீரின் சிக்னல் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் எந்த உலோகம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஹேர்பின், தூண்டில் முள், பக்தர்கள் போட்ட காசு, எல்லாவற்றுக்கும் தோண்ட வேண்டும். இருந்தாலும் இந்தக் கரைக்கு என் ஓட்டு இதற்கே.

மெல்லிய செயின் இரண்டுக்குமே கஷ்டம். கருவிக்கு அது தனித்தனிக் கண்ணிகள். கொக்கியோ தாலி உருவோதான் சத்தம் கொடுக்கும்.

அப்புறம், தனுஷ்கோடிப் பக்கம் பழைய புதையல் ஏதும் கிடைத்தால் பையில் போட முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.