22 நிமிடக் கரகரப்பு

விவியன் கேர்ள்ஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு தொடங்கியதும் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். அப்படியும் அதே கரகரப்பு. அப்புறம்தான் புரிந்தது, ஒயரில் கோளாறு இல்லை, பதிவே அப்படித்தான்.

விவியன் கேர்ள்ஸ், நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய இசைக்குழு. கிட்டாரும் பாட்டும் கேசி ரமோன், பேஸ் கேட்டி குட்மன், டிரம்ஸ் ஃபிராங்கி ரோஸ். 2008இல் வந்த இந்த முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயரேதான். முதலில் 500 இசைத்தட்டுகள்தான் போட்டார்கள். அவை மளமளவென்று தீர்ந்துபோக, அதே ஆண்டில் இன் த ரெட் என்ற இசைத்தட்டு நிறுவனம் மறுபடி வெளியிட்டது. பத்துப் பாட்டு, மொத்தமே சுமார் 22 நிமிடம். உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் முடிந்துவிடும்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சிகாகோ மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்த ஹென்றி டார்கர், யாருக்கும் காட்டாமல் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஒரு நாவல் எழுதி வைத்திருந்தார். அதில் வரும் ஏழு அக்கா தங்கைகள்தான் விவியன் சிறுமிகள்.

சரி, பாட்டுக்கு வருவோம். இயர்போனில் கேட்காதீர்கள், கிட்டார் இரைச்சல் காதுக்குள்ளேயே குடைகிறது. நான் கூடத்தில் ஓடவிட்டு அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆறாவது பாட்டான 'வேர் டூ யூ ரன் டூ' என்னைப் பிடித்து நிறுத்தியது. அங்கிருந்து கேட்டால் இரைச்சல் பின்னால் போய், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குரல்கள் முன்னால் வருகின்றன. அறுபதுகளின் அமெரிக்கப் பெண்கள் குழுக்கள் பாடிய அதே இனிப்பு, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி எதிரொலி. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. வரிகள் பாதி காதில் விழுவதில்லை. 'சச் எ ஜோக்', 'வைல்ட் ஐஸ்', 'கோயிங் இன்சேன்' மூன்றும் வரிசையாக வரும்போது எது எங்கே முடிந்தது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

எட்டாவது பாட்டில் அந்தச் சிக்கலே கிடையாது. பெயர் 'நோ', வரிகளும் அந்த ஒரே சொல்தான். என் ஐந்து வயது மகளுக்கு இரண்டே தடவையில் மனப்பாடம். இப்போது பாலைக் குடி என்றால் அதே மெட்டில்தான் பதில் வருகிறது.