கண்டாசாவும் ஹவேலியும்: பாகிஸ்தான் சினிமாவா, டிவி நாடகமா?

பாகிஸ்தானில் சினிமா உசத்தியா, டிவி நாடகம் உசத்தியா என்று கேட்பவர்கள் 1979-ஐ எடுத்துப் பார்க்கலாம். பஞ்சாப் கிராமம், நிலக்கிழார் அதிகாரம், தலைமுறைப் பகை என்ற ஒரே சரக்கு அந்த ஆண்டு இரண்டு கடைகளில் விற்றது. லாகூர் தியேட்டர்களில் ‘மௌலா ஜட்’. அரசுத் தொலைக்காட்சியான பிடிவியில் ‘வாரிஸ்’.

‘மௌலா ஜட்’ பஞ்சாபி மொழிப் படம். சுல்தான் ராஹி கையில் கண்டாசா, அதாவது ஆளுயரத் தடியில் வெட்டுக்கத்தி பொருத்திய ஆயுதம். ரத்தம்தான் பலருக்கு நினைவில் நிற்கிறது. ஆனால் படம் நிற்பது வசனத்தில். ராஹி கர்ஜிக்க, வில்லன் நூரி நத்தாக வரும் முஸ்தஃபா குரேஷி குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசுவார். பயம் அங்கேதான் பிறக்கிறது. பின்னால் வந்த நகல்கள் கர்ஜனையை எடுத்துக்கொண்டு அந்தத் தாழ்ந்த குரலை விட்டுவிட்டன. 1996 ஜனவரியில் ராஹி சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஒரே ஆளின் தோளில் உட்கார்ந்திருந்த தொழிலும் சேர்ந்து சரிந்தது.

அம்ஜத் இஸ்லாம் அம்ஜத் எழுதிய ‘வாரிஸ்’ உருது நாடகம். அணை கட்டினால் ஊர் மூழ்கும், ஆனாலும் நிலக்கிழார் சௌத்ரி ஹஷ்மத் தன் ஹவேலியை, அதாவது பரம்பரை மாளிகையை, விடமாட்டார். இங்கே வெட்டுக்குத்தை விட எதிரே நிற்பவரின் மௌனம் அதிகம் பேசும். பிடிவி நாடகங்கள் பெரும்பாலும் பதின்மூன்று வாரத்தில், அதாவது ஒரு காலாண்டில், முடியும். முடிவு முன்பே தெரிந்திருந்ததால் எழுத்தாளர் எதையும் வீணாக்கவில்லை.

எழுத்தில் நாடகமே முந்தியது என்பதில் சந்தேகமில்லை. அதே நாடகம் இன்று சறுக்குவதும் நீளத்தால்தான். தனியார் சேனலுக்கு விளம்பர வருமானம் எபிசோடு கணக்கில் வருகிறது. எனவே ஓடுகிற கதையை இழுக்கிறார்கள்: பழைய காட்சிகளைத் திரும்பக் காட்டுவது, மெதுவாகத் திரும்பும் முகங்கள், ஒட்டுக்கேட்டதால் வரும் தவறான புரிதல் மூன்று வாரத்துக்கு நீள்வது. செலவு குறைக்க கராச்சியின் வாடகை பங்களாக்களிலேயே படப்பிடிப்பு. ஏழை வீட்டுப் பெண்ணின் கதையிலும் கதை போய்ச் சேருவது பளிங்குத் தரையில்தான். ஃபர்ஹத் இஷ்தியாக்கின் நாவலிலிருந்து வந்த ‘ஹம்சஃபர்’ (2011) 23 எபிசோடில் நின்றது அதன் அதிர்ஷ்டம்.

சினிமாவுக்கு மிச்சமிருக்கும் பலம், வீட்டுக் கூடத்தில் வைத்துப் பேச முடியாததைப் பேசுவது. 2007-இல் ஷொயப் மன்சூரின் ‘குதா கே லியே’ மதத் தீவிரவாதத்தை நேரடியாக எடுத்தது. 2022-இல் ‘ஜாய்லேண்ட்’ லாகூர்க் குடும்பத்து இளைஞன் ஒருவன் திருநங்கை நடனக்கலைஞர் மேல் கொள்ளும் காதலைச் சொல்லி, கான் விழாவின் ‘அன் செர்டெய்ன் ரிகார்ட்’ பிரிவில் நடுவர் பரிசு வாங்கியது; பஞ்சாப் மாகாணம் அதைத் தடை செய்தது. இரவு எட்டு மணிக்கு டிவியில் வரும் நாடகத்தில் இந்தக் கதைக்கு இடமே இல்லை.

இரு முகாம்களுக்கும் நடுவே சுவர் கட்டவும் முடியாது. ‘ஹம்சஃபர்’ ஜோடி ஃபவாத் கான், மாஹிரா கான்தான் 2022-இல் பிலால் லஷாரியின் ‘தி லெஜண்ட் ஆஃப் மௌலா ஜட்’டில் வந்தார்கள். மறுபக்கம், ‘மேரே பாஸ் தும் ஹோ’வின் கடைசி எபிசோடு 2020 ஜனவரியில் தியேட்டர்களில் டிக்கெட் போட்டுக் காட்டப்பட்டது. படங்கள் ஏங்கும் கூட்டம் நாடகத்துக்கு வந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் நாடகத்தில் முதல் நான்கு எபிசோடுகளை முழுசாகப் பாருங்கள். இழுவை தொடங்கினால் இடையில் தாவி, கடைசி மூன்றுக்குப் போங்கள், கதை புரியும். படத்தில் அந்தத் தாவல் செல்லாது. குறிப்பாக ‘மௌலா ஜட்’டை உருது டப்பிங்கில் பார்க்காதீர்கள், சப்டைட்டில் சுமாராக இருந்தாலும் பஞ்சாபி ஒலியே வேண்டும். நூரி நத்தின் அந்தத் தாழ்ந்த குரலுக்கு வேறு மொழியில் ஈடில்லை.