நாற்பதில் எந்த எட்டுப் பேர்? கோபுரத்து அன்ரெனாக்களைப் பங்கிடும் முறைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் கைபேசிக் கோபுரம் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அன்ரெனாக்கள் நிறைய இருப்பதால் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் எட்டுப் பேருக்குத் தனித்தனிக் கற்றை அனுப்பலாம். காத்திருப்பவர்களோ 40 பேர். எந்த எட்டுப் பேர் என்பதை எல்டிஇ (4ஜி) ஒவ்வொரு மில்லிசெக்கனும் முடிவு செய்கிறது. 5ஜியில் பல இடங்களில் அதற்கும் பாதி நேரம்தான்.

எல்லாச் சேர்க்கைகளையும் கணக்கிட்டுச் சிறந்ததை எடுத்தால் என்ன? 7 கோடியே 69 இலட்சம் சேர்க்கைகள் வரும். ஆய்வில் மற்ற முறைகளை அளந்து பார்க்க உதவும், கோபுரத்துக்கு ஆகாது.

வரிசைப்படி முறை கொடுப்பது சுலபம். ஆனால் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஒரே எட்டுக்குள் விழலாம். இருவருக்கும் அலை வரும் பாதை ஏறக்குறைய ஒன்று. ஒருவருக்குரியது மற்றவரைக் குழப்பாமல் தடுப்பதிலேயே கோபுரத்தின் சக்தி கரைந்துவிடும். நல்ல சிக்னல் உள்ளவர்களுக்கே முதலிடம் என்ற முறையிலும் இதே சிக்கல்தான். அதோடு தூரத்தில் இருப்பவர் பட்டினி.

ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, ஆய்வாளர்கள் தேசாங் யூவும் ஆன்ட்ரியா கோல்ட்ஸ்மித்தும் 2006இல் விரிவாக அலசிய முறை. வலுவான ஒருவரை முதலில் எடுத்துவிட்டு, அவருடைய பாதையோடு ஒத்துப்போகிறவர்களை ஒரு வரம்பு வைத்துக் கழித்துவிடும். மிஞ்சியவர்களில் அடுத்தவரைத் தேடும். ஆட்கள் குறையக் குறையக் கணக்கும் குறையும். பயனர்கள் மிக அதிகமானால், இது எட்டக்கூடிய உச்சத் தரவு வேகத்தை நெருங்கும் என்று அவர்கள் நிறுவினார்கள். கெத்தாராம மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும் இரவுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆட்கள் குறைந்த நேரத்தில்தான் தொல்லை: வரம்பை இறுக்கினால் எட்டுப் பேர் தேறமாட்டார்கள், தளர்த்தினால் மோதல்.

மற்றது பேராசை முறை. ஒவ்வொருவராகச் சேர்த்து, மொத்த வேகம் கூடுகிறதா என்று பார்க்கும். குறைந்தால் அங்கேயே நிறுத்தும். அதிகபட்சம் 292 சோதனைகள். ஒவ்வொன்றும் சற்றுக் கனமான கணக்குத்தான், ஆனால் வரம்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. என் வாக்கு இதற்கே, ஒரு நிபந்தனையோடு: வெறும் வேகத்தைக் கூட்டாமல், ஒவ்வொருவரின் இப்போதைய வேகத்தையும் அவருக்கு அண்மையில் கிடைத்த சராசரியால் வகுத்துக் கூட்டவேண்டும். அப்போதுதான் நெடுநேரம் காத்திருந்தவர் மேலே வருவார். (இந்த விகிதத்தை முந்தைய முறையிலும் புகுத்தலாம்.)

அன்ரெனாக்களைத் தெரிவு செய்வதற்கும் இதே உத்திதான். இரவில் கூட்டம் குறைந்ததும், பங்களிப்புக் குறைந்தவற்றை ஒவ்வொன்றாக அணைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கரையோர ரயில் கடக்கும்போது மட்டும் இரண்டு முறையும் தடுமாறும். 40 கிலோமீற்றர் வேகத்தில் ரயில் 10 மில்லிசெக்கனில் 11 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1800 மெகாஹேர்ட்ஸில் அலைநீளமே ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர்தான். கைபேசி அனுப்பிய பாதைத் தகவல் கோபுரம் பயன்படுத்துவதற்குள் பழசாகிவிடும். ரயிலில் போகிறவர்களை இந்த எட்டுக்குள் திணிக்காமல், அவர்களுக்குத் தனி நேரத் துண்டு ஒதுக்குவதே மேல்.