புது வீடு வாங்கி ஒரு வருடம்: பில்டர் எப்படி, வீடு எப்படி

சாவி வாங்கி பதினோரு மாதம் முடிந்துவிட்டது. குடிவந்த முதல் வாரமே "ஒரு ரிவ்யூ எழுதிக் கொடுங்க மேடம்" என்று பில்டர் அலுவலகத்தில் இரண்டு தடவை கேட்டார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன், பெரிய மாமாதான் தடுத்தார். முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். "ஒரு வெயிலும் ஒரு மழையும் பார்க்கட்டும்மா, அப்புறம் எழுது" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

இப்போது என் கணக்கு இது: கட்டுமானத்துக்கு நாலரை, ஃபினிஷிங்குக்கு இரண்டரை, சாவி கொடுத்த பிறகு கூப்பிட்டால் வருவதற்கு இரண்டு. பில்டர் பெயரை எழுதவில்லை. வேறு யாரிடம் வாங்குகிறவர்களுக்கும் இதில் பாதியாவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் மாடல் வீடு. போய்ப் பார்த்தவுடன் மனசு அங்கேயே உட்கார்ந்துவிடும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். நாங்கள் பார்த்ததில் உள்அறைகளுக்குக் கதவே மாட்டவில்லை, பகலிலும் எல்லா விளக்கும் எரிந்தது, படுக்கையறைக் கட்டிலை இரண்டாவது தடவை போனபோது டேப் வைத்து அளந்தால் என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுக்க முடியாத நீளம். அலமாரி ஒன்றுகூட இல்லை. அதனால் அறை பெரிதாகத் தெரிந்தது. அளவு விஷயத்தில் இன்னொன்று, வரைபடத்தில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் செங்கலிலிருந்து செங்கலுக்கு. அதற்கு மேல் பூச்சு ஒவ்வொரு பக்கமும் 12 முதல் 15 மில்லிமீட்டர் வரும், இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு அங்குலம் போய்விடும். எங்களுக்கு அதோடு போகவில்லை. சின்னப் படுக்கையறையின் மூலையில் ஒரு கான்கிரீட் தூண் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது, வரைபடத்தில் அது ஒரு சின்னக் கறுப்புச் சதுரம்தான், நான் கவனிக்கவே இல்லை. அளவு பார்த்துச் செய்யச் சொன்ன அலமாரி உள்ளே நுழையவில்லை. எந்த அளவைச் சொல்லி விற்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: சுவர் கனத்தோடா, பொது மாடிப்படியையும் நடைவழியையும் சேர்த்தா, அல்லது கால் வைத்து நடக்கிற தரை மட்டுமா.

கட்டும்போது நடந்துகொண்ட விதத்துக்கு மனதாரப் பாராட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உள்ளே விட்டார்கள், கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள், தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான் இறுகும், முதல் நாட்களில் அந்த ஈரம் சீக்கிரம் போய்விட்டால் கான்கிரீட்டுக்குச் சேர வேண்டிய பலம் சேராது. அதே கான்கிரீட்டில் கியூப், அதாவது சின்னக் கட்டிகள், வார்த்து எடுத்து 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்த்த ரிப்போர்ட்டைக் கேட்டேன், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நாலரை அதற்காகத்தான்.

அந்த நாட்களில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், பூச்சு பூசுவதற்கு முன்னால் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்தது. ஒயர் பைப் எங்கே போகிறது, தண்ணீர் பைப் எங்கே திரும்புகிறது எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு டேப்பையும் விரித்து வைத்து எடுத்ததால் தரையிலிருந்து எத்தனை அடி என்பது வரை தெரியும். பிறகு சமையலறையில் ஷெல்ஃப் மாட்ட டிரில் போட வந்தவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன், அவர் பென்சிலால் குறித்து வைத்திருந்த இடத்துக்கு நேர் பின்னால் தண்ணீர் பைப்.

சரி, ஒப்படைப்பு நாள். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். சைட் இன்ஜினியர் தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு "அரை மணி நேரம் போதும் மேடம், எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க" என்றார். மாமா பதில் பேசாமல் சமம் பார்க்கும் ரசமட்டம், நேர் பார்க்கும் தூக்குகுண்டு, ஒரு வாளி, ஒரு சின்ன மரக்கட்டை எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். நாலு மணி நேரம் ஆனது.

முதலில் குளியலறை. ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார், தண்ணீர் நேராகக் கதவைப் பார்த்து வந்தது. தரை வாட்டம் ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டராவது தண்ணீர் போகும் துளையைப் பார்த்து இறங்க வேண்டும். இங்கே மூலையில் குட்டை கட்டி நின்றது, கண்ணால் பார்த்தால் தரை சமமாக, அழகாகத்தான் தெரிந்தது. அப்புறம் மரக்கட்டையால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நன்றாக ஒட்டியது கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், அடியில் காற்று இருந்தால் காலிப் பானை மாதிரி கேட்கும். ஹாலில் மட்டும் பதினாலு. முழுக்கப் பசை பரப்பாமல் நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார், கனமான சாமான் ஒன்று விழுந்தால் உடைவது அந்த டைல்ஸ்தானாம்.

மின்சாரத்துக்கு விளக்கு வைத்த சின்ன டெஸ்டர் ஒன்று, ஒவ்வொரு பாயின்ட்டிலும் சொருகிப் பார்த்தோம். இரண்டு பாயின்ட்டில் எர்த் இணைப்பே இல்லை. எர்த் இல்லாவிட்டாலும் மிக்ஸி ஓடும், ஹீட்டர் சுடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஷாக் அடிக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அந்த இரண்டில் ஒன்று வாஷிங் மெஷினுக்கான பாயின்ட். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டுகிற பாதுகாப்பு சுவிட்ச் பெட்டியில் இருந்தது, அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் டக்கென்று விழுந்தது, அந்த ஒன்று நிம்மதி.

மாடிக் குளியலறையில் துளையை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். மறுநாள் கீழே கூரையில் பைப் இறங்குகிற இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். உடைத்து, மறுபடி வாட்டர்ப்ரூஃபிங் செய்து, டைல்ஸ் ஒட்டி முடிக்க இரண்டு வாரம் ஆனது. குடிவந்த பிறகு தெரிந்திருந்தால் வீட்டில் ஆட்களை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க வேண்டும்.

மொத்தம் 61 குறை. இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்துக் கேட்டோம். "கையெழுத்தெல்லாம் எதுக்கு மேடம், நான் பார்த்துக்கறேன்" என்றார் தம்பி. மாமா பொறுமையாக, "தம்பி, நாளைக்கு நீங்க வேற சைட்டுக்கு மாறிட்டா நாங்க யார்கிட்ட போய்க் கேட்கிறது?" என்றார். கையெழுத்துப் போட்டார். மூன்றாவது மாதம் அவர் நிஜமாகவே வேறு சைட்டுக்கு மாறிப் போய்விட்டார். கடைசித் தவணையை வேலை முடிந்த பிறகுதான் கொடுப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் 61-இல் 54 ஒரே மாதத்தில் முடிந்தது. மீதி ஏழு சின்ன வேலைதானே என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த ஏழுக்கு ஆறு மாதம் ஆனது.

குடிவந்த பிறகு வருகிற பிரச்சினைகள் வேறு மாதிரி. நாலாவது மாதம் ஹால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மாமா வந்து பார்த்துவிட்டு, கதவு, ஜன்னல் மூலைகளில்தான் சுவருக்கு அழுத்தம் கூடும், ஈரம் காயும்போது சுவர் கொஞ்சம் சுருங்கும், அதனால் மெல்லிசாக வருவது சகஜம் என்றார். கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேருகிற கோட்டில் படுக்கையாக வருவதும் அப்படித்தான், இரண்டும் ஒரே அளவில் சுருங்கி விரியாது, பூசுவதற்கு முன்னால் அந்த இடத்தில் கோழிவலை அடிப்பது அதற்காகத்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அடுத்த பெயின்ட்டில் அடைத்துவிடலாம். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஏறினாலோ, ஒரு முனை மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ உடனே கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். விரிசல் முடிகிற இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். ஏழு மாதமாக அந்தக் கோட்டை அது தாண்டவில்லை, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பயம் போனது.

வெளிச்சுவரில் வெள்ளையாக உப்பு பூத்தது, செங்கலிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பை ஈரம் மேலே இழுத்துக்கொண்டு வந்து காய்ந்துவிடுகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தேன், இரண்டு தடவைக்குப் பிறகு வரவில்லை. விருந்தினர் குளியலறை நாற்றத்துக்கு ட்ராப்பில், அதாவது துளைக்கு அடியில் தண்ணீர் நின்று நாற்றத்தை மறிக்கிற வளைவில், தண்ணீர் வற்றியதுதான் காரணம், வாரம் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

இப்போது அந்த இரண்டு மதிப்பெண் விஷயம். புகார் கொடுக்க ஒரு எண் இருக்கிறது, கூப்பிட்டால் புகார் எண்ணும் தருவார்கள். இரண்டு நாளில் "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று மெசேஜ் வரும், ஆனால் யாருமே வந்திருக்க மாட்டார்கள். மூன்று தடவை இப்படி. வீட்டுக்கு வருகிற ஆள் தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்வேன், செய்யாத வேலையைச் செய்ததாக எழுதி வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வாடிக்கையாளர் பிரிவில் இருந்த ஒரு பெண் மட்டும் தானே திரும்பக் கூப்பிட்டு, இன்றைக்கு ஆள் வரவில்லை, நாளைக்கு வருவார் என்று உள்ளதைச் சொல்வார். இந்த இரண்டு மதிப்பெண்ணும் அவருக்குத்தான்.

இதே பில்டரிடம் திரும்ப வாங்குவாயா என்று தங்கை கேட்டாள், அவளும் வீடு தேடுகிறாள். வாங்குவேன், ஆனால் கடைசி ஏழு குறையும் முடியும் வரை கடைசித் தவணையைக் கொடுக்க மாட்டேன். குறைகளுக்கு அவர்கள் கொடுத்த பொறுப்பு ஒரு வருடம், அடுத்த மாதத்தோடு முடிகிறது, அதனால் போன வாரம் மாமாவை மறுபடி வரவழைத்து வீடு முழுக்கச் சுற்றிப் புதுப் பட்டியல் ஒன்று எழுதினோம். ஐந்தே ஐந்து. நாலுக்கு ஆள் வந்து போய்விட்டார். மேற்குப் பக்க ஜன்னலின் ரப்பர் பீடிங் மட்டும் பாக்கி, சாரல் அடித்தால் இன்னும் உள்ளே வருகிறது, புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.