கிராமத்து பிராட்பேண்ட்: ஐந்து வகை இணைப்பும் எங்கே இடறுகின்றன

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு வீட்டுக்கு இணையம் வந்து சேரப் பொதுவாக ஐந்து வழிகள் உண்டு. பழைய தொலைபேசிக் கம்பி, ஃபைபர், கோபுரத்திலிருந்து கூரைக்கு வரும் ரேடியோ இணைப்பு, 4ஜி ரூட்டர், செயற்கைக்கோள். விளம்பரத்தில் ஐந்தும் அதிவேகம்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் இடறும். அந்த இடம் பிடிபட்டால் எதை வாங்கலாம் என்பதும், ஏற்கெனவே வாங்கியதைத் தேற்ற முடியுமா என்பதும் தெரிந்துவிடும்.

எதையும் திட்டுவதற்கு முன் ஒழுங்காக அளக்க வேண்டும். திட்டத்தில் போட்டிருக்கும் எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் பைட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் ஏமாற்று எதுவும் நடக்கவில்லை. வைஃபையில் எடுத்த அளவை வைத்துச் சண்டை போடாதீர்கள். கணினியை லேன் கேபிளில் நேராக ரூட்டரோடு இணைத்து, விடியற்காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். காலையில் முழு வேகம், இரவில் கால்வாசி என்றால் கூட்டம்தான் காரணம்; உங்கள் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. எந்நேரமும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் கம்பியையோ சிக்னலையோ பாருங்கள். நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கினால் தளர்ந்த இணைப்பு அல்லது மின் இரைச்சல். எத்தனை முறை அளந்தாலும் 94 எம்பிபிஎஸ் அருகிலேயே நின்றுவிடுகிறதா? ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். இல்லாவிட்டால் லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. கேபிளை மாற்றினால் தீர்ந்தது.

தொலைபேசிக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல்லில் வேகத்தைத் தீர்மானிப்பது தூரம். அதுவும் கம்பி சுற்றி வரும் நீளம். காகம் பறக்கும் தூரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஏடிஎஸ்எல்2+ வகையின் உச்சம் 24 எம்பிபிஎஸ். 3 கிலோமீட்டரில் சுமார் 8 கிடைக்கும், 5 கிலோமீட்டரைத் தொட்டால் ஒன்றோ இரண்டோதான். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் 'லைன் அட்டென்யூவேஷன்' என்று, கம்பியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பதைக் காட்டும் ஒரு எண் டெசிபலில் இருக்கும். அதை 14 ஆல் வகுத்தால் கம்பியின் நீளம் கிலோமீட்டரில் ஏறக்குறைய வந்துவிடும். 42 டெசிபல் என்றால் 3 கிலோமீட்டர். 60ஐத் தாண்டியிருந்தால் மோடத்தை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். டிஎஸ்எல்லின் அதிவேக வகையான விடிஎஸ்எல்லை 'மேம்பாடு' என்று யாராவது விற்க வந்தாலும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அதன் சாதகம் கரைந்துவிடுகிறது.

அட்டென்யூவேஷன் 28 காட்டுகிறது, வேகம் மட்டும் 3 எம்பிபிஎஸ் என்றால் எங்கோ கோளாறு. இங்கேதான் முயற்சிக்குப் பலன் உண்டு. எல்லாத் தொலைபேசிகளையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் புள்ளியில் மோடத்தை நேராக மாட்டிப் பாருங்கள். வேகம் துள்ளினால் குற்றம் வீட்டு வயரிங்கில். எஞ்சிய ஒவ்வொரு தொலைபேசிக்கும் மைக்ரோஃபில்டர் (பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு வடிகட்டி) போட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மொத்த இணைப்பும் கெடும். பேசும்போது கரகரப்பு, மழை பெய்த மறுநாள் மோசம் என்றால் வெளியே ஏதோ ஒரு மூட்டில் தண்ணீர் இறங்கி அரித்திருக்கிறது. புகார் கொடுக்கும்போது இணையம் மெதுவாக இருக்கிறது என்பதைவிடப் பேச்சில் கரகரப்பு என்று சொன்னால் லைன்மேன் சீக்கிரம் வருவார். இரைச்சல் ஓரளவு எண்ணிலும் தெரியும்: மோடம் காட்டும் எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் இடைவெளி, 6 டெசிபல் இருந்தால் நல்லது, 3க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

மின் இரைச்சலைத் தேட ஒரு பழைய ரேடியோ போதும். ஏடிஎஸ்எல்2+ வகை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. மத்திய அலை வானொலியும் அதே எல்லைக்குள்தான் ஓடுகிறது. நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டைச் சுற்றி நடந்தால் மலிவான எல்இடி விளக்கோ சார்ஜரோ மோட்டாரோ தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: மெதுவாக இருக்கிறதே என்று மோடத்தை ஒரு நாளில் பத்துமுறை அணைத்துப் போடும் பழக்கம். பல நிறுவனங்களின் தானியங்கி மேலாண்மை இதை 'நிலையற்ற லைன்' என்று புரிந்துகொண்டு வேகத்தை இன்னும் குறைத்துவிடும்.

கம்பி 2 கிலோமீட்டருக்குள் என்றால் டிஎஸ்எல்லைத் துணை இணைப்பாக வைத்துக்கொள்ளலாம். 4 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வேறு வழி பாருங்கள்.

4ஜி ரூட்டர் பலருக்கு அடுத்த கதவு. இதில் திரையில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது. நிர்வாகப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு நடுவே சிக்னலின் தெளிவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது −85க்கு மேல் என்றால் நல்ல சிக்னல். −110க்குக் கீழே தடுமாற்றம். இரண்டாவது எண்ணைத்தான் உண்மையில் கவனிக்க வேண்டும்: 20க்கு மேல் அருமை, 5க்குக் கீழே சிரமம். சிக்னல் பலமாக இருந்தும் எஸ்ஐஎன்ஆர் சரிந்திருந்தால் இரண்டு கோபுரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அப்போது ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் திசை ஆண்டெனா, தேவையில்லாத கோபுரத்துக்கு முதுகு காட்டுமாறு திருப்பினால், வேலை செய்யும்.

700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். ஆனால் இவற்றில் நிறுவனத்தின் கையிலுள்ள அலைவரிசையின் அகலம் பெரும்பாலும் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ்தான். 10 மெகாஹெர்ட்ஸில் சாதாரண 4ஜியின் உச்சமே சுமார் 75 எம்பிபிஎஸ். அதை அந்தத் திசையில் உள்ள எல்லாருமே பங்கிட்டுக்கொள்கிறார்கள். 1800 அல்லது 2300 உங்கள் வீட்டில் பலவீனமாகவாவது எட்டுகிறதென்றால் ரூட்டர் அந்த பேண்டை (அலைவரிசையை) மட்டும் பிடிக்குமாறு பூட்டி ஒருமுறை அளந்து பாருங்கள். சிக்னல் குறைந்தும் வேகம் கூடுவது இங்கே சகஜம்.

கூரையில் ஆண்டெனா வைத்து, மெல்லிய கோஆக்ஸியல் கேபிளை 10 மீட்டர் கீழே இழுத்தால், ஆண்டெனா தேடித் தந்த டெசிபல்களைக் கேபிள் விழுங்கிவிடும். வெளியில் வைக்கும் வகை ரூட்டரையே மேலே ஏற்றி, மின்சாரமும் தரவும் ஒரே லேன் கேபிளில் போகும் பிஓஇ முறையில் கீழே கொண்டுவருவது நல்லது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தகரக் கூரைக்குக் கீழே ரூட்டரை வைத்துவிட்டு நெட்வொர்க்கைக் குறை சொல்வதும் வாடிக்கைதான். வாங்குவதற்கு முன் அதே சிம்மை இரவு 9 மணிக்குக் கைப்பேசியில் போட்டு அளந்துவிடுங்கள். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டுமென்றால் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேராக எட்டும் இணைய முகவரி) தருவார்களா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

கோபுரத்து ரேடியோ இணைப்புக்குக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் அலையின் வயிறு நேர்கோட்டைச் சுற்றி 8 மீட்டர் விரிகிறது. அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 5 மீட்டர், மரமில்லாமல் இருக்க வேண்டும். இலையுதிர்ந்த காலத்தில் பொருத்திய இணைப்பு துளிர்விட்டதும் படுத்துவிடுவது இதனால்தான். இந்த அலைவரிசையில் மழை பெரிய தொல்லை இல்லை. 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவி என்றால் பெருமழையில் திணறும். அந்தக் கோபுரத்துக்கே இணையம் எதன் வழியாக வருகிறது என்பதை விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

செயற்கைக்கோளில் இரண்டு இனம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவற்றில் ஒரு சுற்றுப் பயணத்துக்கே ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். வீடியோ பேச்சில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பதால் தாமதம் பொதுவாக 25 முதல் 60 மில்லிவிநாடிக்குள் அடங்குகிறது. வானம் திறந்திருக்க வேண்டும். ஒரு மரம் ஓரமாக மறைத்தாலும் அவ்வப்போது சில விநாடி அறுந்து போகும். வழக்கமான டிஷ் 50 முதல் 75 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 1.2 முதல் 1.8 யூனிட். மின்வெட்டு உள்ள இடத்தில் பேட்டரியை இதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபைபர் கிடைத்தால் மறுபேச்சில்லை, அதையே வாங்குங்கள். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் 2.488 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. 20 கிலோமீட்டர் வரை தூரத்தால் வேகம் குறைவதில்லை. வீட்டுப் பெட்டியில் ஒளி அளவு (டிபிஎம் கணக்கில்) −8க்கும் −27க்கும் இடையில் இருக்க வேண்டும். −26 என்று விளிம்பில் நின்றால் இழை எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கலாம், இல்லையேல் கனெக்டரில் அழுக்கு. பச்சைக் கனெக்டரை நீல நிறத்தோடு மாட்டிவைத்தாலும் இதே கதி. ஒளி அளவு நன்றாக இருந்தும் இரவில் மட்டும் படுத்தால், ஊருக்குள் வரும் மூல இணைப்பே மெலிந்தது. ஆளை வரவழைத்து இழையை நோண்டச் சொல்லி லாபமில்லை.

எதுவுமே கைகூடாமல் 5 எம்பிபிஎஸ்ஸோடுதான் வாழ வேண்டுமென்றால், தாமதத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு கைப்பேசி பின்னணியில் படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கினாலே பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) 30 மில்லிவிநாடியிலிருந்து 800க்குத் தாவும். வரிசையில் தரவு தேங்கி நிற்பதுதான் காரணம். இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியுள்ள ரூட்டரில், உதாரணமாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றியதில், இறக்கம் ஏற்றம் இரண்டுக்கும் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகப் போடுங்கள். 4ஜியில் வேகம் ஆடிக்கொண்டே இருப்பதால் இரவு 9 மணிக்கு எழுதி வைத்த அந்தக் குறைந்த எண்ணை அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.