சூப்பரா, டி.ஏ.பி.யா?

காய்ந்த மண்ணில் நெல் விதைக்கும் புழுதி விதைப்பு நெருங்கினால், எந்த உரம் போடுவது என்று எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் வந்துவிடும். சித்தப்பா டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) கட்சி, நான் சூப்பர் பாஸ்பேட் கட்சி.

மூட்டைக் கணக்கில் ஜெயிப்பது அவர்தான். 50 கிலோ டி.ஏ.பி.யில் மணிச்சத்து (பாஸ்பேட்) 23 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ. அதே எடை சூப்பரில் மணிச்சத்து 8 கிலோதான். ஒன்றுக்கு மூன்று மூட்டையாகக் காரைக்குடியிலிருந்து ஏற்றி வர வேண்டும். கூடவே கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) வருவது சூப்பரின் ஆறுதல்.

ஆனால் என் சண்டை மூட்டையைப் பற்றியது அல்ல. சித்தப்பா பயிர் முளைத்து மழை பார்த்த பிறகுதான் டி.ஏ.பி. தூவுவார். "மழை ஏமாத்திட்டா உரக்காசும் போச்சேடா" என்பார். நியாயமான பயம்தான். ஆனால் நம் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது மண்ணுக்குள் நகர்வதும் மில்லிமீட்டர் கணக்கில்தான். மேலே தூவியது மேலேயே கிடக்கும். தண்ணீர் கட்டிய சேற்றில் இரும்பு உருமாறிப் பிடியை விடும். தஞ்சாவூர்க்காரருக்கு அது தானாக நடக்கிறது. கண்மாயை நம்பிய நம் வயல் காய்ந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

நெல்லுக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்கிறது. வேர் இழுத்த பாஸ்பேட்டில் மிஞ்சியதை ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் நுண்குமிழ் என்ற பையில் போட்டு வைக்கும், நம் வீடுகளின் பெட்டகம் மாதிரி. தட்டுப்பாடு வந்தால் அதை வெளியே எடுத்துக் கொடுக்கும் இரண்டு புரதங்களை 2019இல் நெல்லில் கண்டுபிடித்தார்கள். தட்டுப்பாட்டை அறிவிப்பது பி.எச்.ஆர்.2 என்ற இன்னொரு புரதம். பாஸ்பேட் போதுமான அளவு இருக்கும்வரை எஸ்.பி.எக்ஸ். புரதங்கள் அதைக் கட்டிப்போட்டிருக்கும், குறைந்ததும் அவிழ்த்துவிடும். அப்புறம் பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் பெருகும், மூத்த இலை தன் பங்கை இளம் இலைக்குத் தரும். செல்லுக்குள் உள்ள சவ்வுகளில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்புகூட வரும். அதனால் சூப்பரின் கந்தகம் உசத்தி என்று ஒருமுறை வாதாடினேன். கொஞ்சம் இழுத்துப் பிடித்த வாதம்தான்.

எப்படியும், முதலில் கிடைத்தால்தானே பெட்டகத்தில் வைக்க முடியும்? அதனால் விதைக்கும்போதே மண்ணுக்குள் போடும் அடியுரம்தான் சரி. டி.ஏ.பி.யையும் அடியில் போடலாம், ஆனால் விதையோடு ஒட்டினால் அதன் அம்மோனியா முளையைச் சுடும்.

மானாவாரி நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ஊட்டமேற்றிய தொழுவுரம்தான் என் தேர்வு. ஹெக்டேருக்கு 750 கிலோ மட்கிய எருவில் சூப்பரைக் கலந்து, ஒரு மாதம் மூடி வைத்துப் போடுவது. எரு சூழ்ந்திருப்பதால் இரும்பு சட்டென்று பிடிக்காது.

உரத்தைத் தாண்டி இன்னொன்றும் உண்டு: காசலத் என்ற பழைய நெல்லில் 2012இல் அடையாளம் கண்ட பிஸ்டால்1 மரபணு. இளம் வேரை அதிகமாகப் பரப்பிவிடும். மண்ணில் இருப்பதைத் தேடி எடுக்கத்தான் அது உதவும், உரத்துக்கு மாற்று இல்லை.

கடைசியில் சித்தப்பா மேட்டுச் செய்யை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார். எருக்குவியலை மூடி இன்றோடு பத்து நாள்.